டயல் 13.5-இல்தான் இருந்தது, மோட்டார் ஏன் எரிந்தது?

அப்பாவின் போர்வெல் மோட்டார் 14 மாத இடைவெளியில் இரண்டு முறை எரிந்தது. இரண்டாவது முறை நான் ஊரில் இருந்தேன். 450 அடியிலிருந்து பைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி ஏற்றியதைப் பார்த்தேன். மோட்டார் வெளியே வந்தபோது அப்பா முகத்தையும் பார்த்தேன். காயில் கட்டுவது, பைப் ஏற்றி இறக்குகிற வண்டி, ஆள் கூலி எல்லாம் சேர்த்து இரண்டு தடவைக்கும் நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. சம்பங்கிக்கு 11 நாள் தண்ணீர் இல்லை. அந்தக் கணக்கை அப்பா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஊர் ஆலங்குடிப் பக்கம். குரு ஸ்தலம் ஆலங்குடி என்று நினைத்துக்கொண்டு யாராவது வழி கேட்பார்கள். அது திருவாரூர் மாவட்டம். இது புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி. கீரமங்கலம், வடகாடு, நெடுவாசல் எல்லாம் சுற்றிலும் இருக்கிற ஊர்கள். பூ, பலா, தென்னை எல்லாமே போர்வெல்லை நம்பித்தான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வந்து கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனபோது, நிலத்துக்கடியில் தண்ணீர் இருந்தும் மோட்டார் ஓடாமல் பயிர் காய்ந்ததை நாள்கணக்கில் பார்த்தவர்கள் நாங்கள். அதனால் "மோட்டார் போச்சு" என்பது எங்கள் பக்கம் சின்னச் செய்தி கிடையாது.

நான் படித்தது பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ். எலக்ட்ரிகல் எனக்கு முதலாண்டில் ஒரே ஒரு பேப்பர், அதையும் பாஸ் பண்ணினால் போதும் என்று படித்தவன். ஆனால் அப்பா சொன்ன ஒரு வரி தூங்க விடவில்லை:

"தம்பி, நேம்பிளேட்ல 13.5னு போட்டிருக்கு. ரிலே டயலும் 13.5லதான் வச்சிருக்கேன். அப்புறம் எப்புடிடா எரியும்?"

நியாயமான கேள்வி. ரிலே டயலை ஏற்றி வைத்து மோட்டாரை எரித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்பா அப்படிச் செய்யவில்லை. சரியான எண்ணில் வைத்தும் எரிந்திருக்கிறது. புரோகிராம் எழுதுகிறவனுக்கு இது பழக்கமான வாசனை. எண் சரி, ஆனால் அந்த எண் எந்த இடத்தில் அளந்த எண் என்பதில் தப்பு.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். ஃபியூஸ் இருக்கிறதே, அது மோட்டாரைக் காப்பாற்றும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். காப்பாற்றாது. ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. மோட்டார் கிளம்பும்போது, நேரடியாக லைனில் போடுகிற டி.ஓ.எல். ஸ்டார்ட்டராக இருந்தால், ஓடும் கரண்டைப்போல 6, 7 மடங்கு சில நொடிகளுக்கு இழுக்கும். 13.5 ஆம்ப் மோட்டார் 80 ஆம்புக்கு மேல் இழுக்கும். அதற்கெல்லாம் ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால் மோட்டார் ஒரு நாளும் கிளம்பாது. ஆகவே ஃபியூஸைக் கொஞ்சம் பெரிதாகத்தான் போட்டாக வேண்டும். பெரிதாகப் போட்ட ஃபியூஸுக்கு 18 ஆம்ப், 20 ஆம்ப் எல்லாம் ஒரு பொருட்டே இல்லை. மோட்டாருக்கோ அது சாவு.

எவ்வளவு கண்டுகொள்ளாது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நல்ல 25 ஆம்ப் எச்.ஆர்.சி. ஃபியூஸ் 1.25 மடங்கு வரை, அதாவது 31 ஆம்ப் வரை, ஒரு மணி நேரம் தாங்க வேண்டும். 1.6 மடங்கில், அதாவது 40 ஆம்பில், ஒரு மணி நேரத்துக்குள் உருக வேண்டும். தரநிலை கேட்பது இவ்வளவுதான். வீட்டில் இருக்கிற எம்.சி.பி.யும் இதே ஜாதி. 1.13 மடங்கில் ஒரு மணி நேரத்துக்கு விழக்கூடாது, 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். 16 ஆம்ப் எம்.சி.பி. என்று எழுதியிருந்தால் 16.1-இல் விழும் என்று நினைப்பது நம் கற்பனை. 23 ஆம்ப் வரை அதற்கு அவகாசம் உண்டு.

இதுவே ஒழுங்கான ஃபியூஸின் கதை. எங்கள் மோட்டார் கொட்டகையில் இருந்தது பீங்கான் ஃபியூஸ் கட்டை. அதில் அப்பா சுற்றியிருந்தது பழைய ஒயரிலிருந்து உரித்த செம்பு இழை, மூன்று இழை முறுக்கி. எத்தனை ஆம்ப் என்று கேட்டால் "மூணு இழை" என்பார். ஊர் முழுக்க இதுதான் அளவு. இதைக் கணக்காக மாற்ற முடியுமா என்று தேடினேன். முடியும்! வில்லியம் ப்ரீஸ் என்கிற பிரிட்டிஷ் தபால் துறைப் பொறியாளர் 1880களிலேயே இதற்குச் சூத்திரம் கண்டுபிடித்துவிட்டார். (பிற்பாடு மார்க்கோனிக்கு இங்கிலாந்தில் கைகொடுத்த அதே ப்ரீஸ்.) செம்புக் கம்பி உருகும் கரண்ட் = 80 × கம்பியின் விட்டம் மில்லிமீட்டரில், அதன் 1.5 அடுக்கு. சாதாரண வீட்டு ஒயர் இழை ஒன்று 0.3 மி.மீ. இருந்தால் கிட்டத்தட்ட 13 ஆம்ப். மூன்று இழைக்கு 39 ஆம்ப், முறுக்கினால் சூடு சேர்ந்து கொஞ்சம் குறையலாம். ஆக அப்பாவின் 'மூணு இழை' ஏறக்குறைய 39 ஆம்பில் உருகும் ஃபியூஸ். ஷார்ட் ஆனால் போகும். மோட்டார் சூடாகிக்கொண்டிருப்பது அதற்குத் தெரியவே தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள வேண்டியது ஓவர்லோடு ரிலே. உள்ளே இருப்பது இரண்டு உலோகத்தை ஒட்டிய பட்டை. சூடானால் ஒன்று அதிகம் நீளும், இன்னொன்று குறைவாக நீளும், பட்டை வளையும், வளைந்து ஒரு கொக்கியைத் தட்டிவிடும். 18-ஆம் நூற்றாண்டில் கப்பலில் வெயிலுக்கும் குளிருக்கும் நேரம் மாறாத கடிகாரம் செய்யப் போராடிய ஜான் ஹாரிசன், அந்தப் போராட்டத்தில் உருவாக்கிய சாமான் இது. இப்போது ஆலங்குடியில் சம்பங்கிக்குக் காவல் நிற்கிறது.

பட்டை ஏன் நல்ல யோசனை என்றால், மோட்டார் சூடாகிற மாதிரியே அதுவும் சூடாகிறது. சூடு கரண்டின் இருமடிக்கு ஏற்றபடி ஏறும். கரண்ட் 1.2 மடங்கு ஆனால் சூடு 1.44 மடங்கு. கரண்ட் 2 மடங்கு ஆனால் சூடு 4 மடங்கு. கிளம்பும்போது வருகிற சில நொடிக் கரண்டை ரிலே பொறுத்துக்கொள்ளும், நீடித்தால் பொறுக்காது. ஐ.இ.சி. 60947-4-1 என்ற தரநிலையில் இது எண்களாகவே இருக்கிறது. டயலில் வைத்த அளவுக்கு 1.05 மடங்கில் 2 மணி நேரம் விழக்கூடாது. 1.2 மடங்கில் 2 மணி நேரத்துக்குள் விழ வேண்டும். 'கிளாஸ் 10' ரிலே, சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது 1.5 மடங்கு வந்தால் 4 நிமிடத்துக்குள் விழ வேண்டும். 7.2 மடங்கு வந்தால், அதாவது மோட்டார் சுத்தாமல் இறுகி நின்றால், 10 நொடிக்குள்.

இங்கே நெட்டில் படிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்க விதிப் புத்தகத்தில் ஓவர்லோடு காவலை மோட்டார் கரண்டின் 115 அல்லது 125 சதவீதத்துக்குள் வைக்கலாம் என்று இருக்கும். அதைப் படித்துவிட்டு நம்மூர் ரிலே டயலை 125 சதவீதத்துக்குத் திருப்பாதீர்கள். நம்ம டயலுக்குள்ளேயே அந்த 1.05-க்கும் 1.2-க்கும் இடையிலான சலுகை அடங்கியிருக்கிறது. டயலில் மோட்டாரின் ஆம்ப் எதுவோ அதை வைக்க வேண்டும், அவ்வளவுதான். சலுகைக்கு மேல் சலுகை கொடுத்தால் 1.5 மடங்கில் போய் நிற்கும்.

சரி, அப்பா அதைத்தானே செய்திருந்தார்?

துப்பு காயில் கட்டுகிற பட்டறையில் கிடைத்தது. அந்த அண்ணன் ஸ்டேட்டரைக் காட்டி, "ஒரே பேஸ் காயிலுதான் தம்பி போயிருக்கு, மத்த ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்றார். போன தடவையும் இப்படித்தானா என்று அப்பாவைக் கேட்டேன். "ஆமா, அப்பவும் ஒரு பக்கந்தான்" என்றார். இந்த ஒரு விவரம் போதும், பாதி வழக்கு முடிந்தது.

மோட்டாருக்கு மூன்று பேஸ் வர வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்று போய்விட்டால் மோட்டார் நிற்காது. மீதி இரண்டை வைத்து உறுமிக்கொண்டே ஓடும். மூன்று பேர் தூக்கிய சுமையை இரண்டு பேர் தூக்குவதால் அந்த இரண்டு லைனிலும் கரண்ட் ஏறத்தாழ 1.73 மடங்காகும். மோட்டார் டெல்டாவில் இணைத்திருந்தால் உள்ளே இன்னும் மோசம். அந்தக் கரண்ட் காயில்களுக்குள் சமமாகப் பிரியாது. ஒரு காயில் நேராக இரண்டு லைனுக்கும் நடுவில் இருக்கும், அதற்கு மூன்றில் இரண்டு பங்கு போகும். மற்ற இரண்டு காயிலும் வரிசையாகச் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கை வாங்கும். கணக்குப் போட்டால் ஒரு காயிலுக்கு வழக்கத்தைவிட 2 மடங்கு கரண்ட், மற்ற இரண்டுக்கும் வழக்கமான அளவே. அதனால்தான் ஒன்று மட்டும் எரிகிறது. ஸ்டார் இணைப்பாக இருந்தால் இரண்டு எரியும். எரிந்த மோட்டாரே வாக்குமூலம் கொடுத்துவிடுகிறது.

சப்மெர்சிபிள் மோட்டாருக்கு இதில் இன்னொரு பலவீனம். மேலே வைக்கிற மோட்டாரின் காப்பு, கிளாஸ் பி என்றால் 130 டிகிரி, எஃப் என்றால் 155 டிகிரி வரை தாங்கும். நம் போர்வெல்லில் ஓடுவது பெரும்பாலும் தண்ணீர் நிரப்பிய மோட்டார். அதில் காயில் ஒயருக்குப் பிளாஸ்டிக் உறை. பி.வி.சி. என்றால் 70 டிகிரியை ஒட்டித்தான் அதன் எல்லை. குளிர்ந்த தண்ணீருக்குள் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. சூடு 4 மடங்கு ஏறினால் அது கருகுவதற்கு முன்னாலேயே இளகிவிடும். அதற்கு மேல் தண்ணீர் பார்த்துக்கொள்ளும்.

பேஸ் போனது புரிகிறது. ரிலே ஏன் விழவில்லை?

எங்கள் மோட்டார் 7.5 எச்.பி. போர்வெல்லிலிருந்து இரண்டு பிளாட் கேபிள் வெளியே வருகிறது, ஒவ்வொன்றிலும் மூன்று கோர், மொத்தம் ஆறு முனை. பேனல் ஸ்டார்-டெல்டா. கிளம்பும்போது ஸ்டாரில் மெதுவாகக் கிளம்பி, சில நொடி கழித்து டெல்டாவுக்கு மாறும். பேனலைத் திறந்து டாங் டெஸ்டரை முதலில் உள்ளே வருகிற மெயின் ஒயரில் மாட்டினேன், 12.2 ஆம்ப். அடுத்து ரிலே வழியாகப் போகிற ஒயரில் மாட்டினேன். 7 ஆம்ப்.

ஐந்து நிமிடம் மீட்டர் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

கெடவில்லை. ஸ்டார்-டெல்டா பேனலில் ரிலே வழக்கமாக மெயின் கான்டாக்டருக்குக் கீழே, டெல்டா முக்கோணத்தின் உள்ளே உட்கார்ந்திருக்கும். லைன் கரண்ட் அங்கே இரண்டு காயிலுக்குப் பிரிந்த பிறகுதான் ரிலேக்கு வருகிறது. ரிலே பார்ப்பது லைன் கரண்டின் 0.58 பங்கு. நேம்பிளேட்டில் இருக்கிற 13.5 லைன் கரண்ட். ரிலே இருக்கிற இடத்தில் அதன் மதிப்பு 7.8. அப்பா டயலை 13.5-இல் வைத்தது, லைனில் 23.4 ஆம்ப் வரை போகலாம் என்று அனுமதித்த மாதிரி!

இப்போது பேஸ் போன கணக்கை இதில் வைத்துப் பாருங்கள். 7.8 ஆம்ப் போக வேண்டிய காயிலில் 2 மடங்கு, 15.6 ஆம்ப். டயல் 13.5. விகிதம் 1.16-க்கும் கீழே. 1.2 மடங்கில்கூட 2 மணி நேரம் அவகாசம் உள்ள ரிலே, இதற்கு விழ வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மூன்று காலில் ஒரு காலில் மட்டும்தான் இந்தக் கூடுதலும். ஆகவே ரிலே பழுதில்லை, கொடுத்த உத்தரவுப்படி நடந்திருக்கிறது. டயல் 7.8-இல் இருந்திருந்தால் அதே 15.6 ஆம்ப் 2 மடங்கு. 1.5 மடங்குக்கே 4 நிமிடம்தான் கெடு, இது அதைவிடச் சீக்கிரம் விழுந்திருக்கும்.

இன்னொன்றும் தெரிந்தது. அந்த ரிலேயின் டயல் 9-இலிருந்து 15 வரை. 7.8 என்ற எண்ணே அதில் கிடையாது. பேனலோடு வந்த ரிலே சின்னது, அடிக்கடி விழுகிறது என்று பல வருஷத்துக்கு முன்னால் யாரோ பெரிது மாற்றியிருக்கிறார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. அடிக்கடி விழுந்தால் தண்ணீர் பாயாது, அப்பா திட்டுவார், பெரிது போட்டால் எல்லாருக்கும் நிம்மதி.

அப்படியானால் பேஸ் போனால் நிறுத்துவதற்கென்றே இருக்கிற சிங்கிள் பேஸ் பிரிவென்டர் என்ன ஆனது? அது பேனலில் இருந்தது, பைபாஸ் பண்ணி. காரணம் எங்கள் பக்கத்து விவசாயிகளுக்குச் சொல்லாமலே தெரியும். மும்முனை மின்சாரம் சில மணி நேரம் மட்டும் வந்து, மீதி நேரம் இரண்டு பேஸ் வந்த காலத்தில், கன்டென்சர் போட்டு இரண்டு பேஸிலேயே மோட்டாரை ஓட்டுவது எங்கும் நடந்தது. பிரிவென்டர் இருந்தால் அது ஓட விடாது. எனவே அதைத் தாண்டி ஒயர் கொடுத்தார்கள். கன்டென்சர் போய்விட்டது, பைபாஸ் அப்படியே இருக்கிறது. சாப்ட்வேர் உலகத்தில் இதற்கு 'டெம்பரரி ஃபிக்ஸ்' என்று பெயர்.

பிரிவென்டரில் இரண்டு வகை உண்டு, வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். ஒன்று வோல்ட்டேஜைப் பார்ப்பது. இன்னொன்று கரண்டைப் பார்ப்பது. ஓடுகிற மோட்டார் இழந்த பேஸின் வோல்ட்டேஜைத் தானே கொஞ்சம் உற்பத்தி செய்து காட்டும். வோல்ட்டேஜ் மட்டும் பார்க்கிற வகை அதில் ஏமாறலாம். கரண்ட் பொய் சொல்லாது. டிரான்ஸ்பார்மரின் மேல்பக்கம், 11 கே.வி. பக்கத்தில், ஒரு ஃபியூஸ் போனால் கீழே ஒரு பேஸ் முழு வோல்ட்டேஜிலும் மற்ற இரண்டு பாதியிலும் நிற்கும். ஒரு வீட்டில் பல்பு பளிச்சென்றும் பக்கத்து வீட்டில் மங்கலாகவும் எரிந்தால் அதுதான் நடக்கிறது. அந்த நேரத்தில் மோட்டார் பக்கமே போகாதீர்கள். ஆட்டோ ஸ்விட்ச் வைத்திருந்தால் முதல் வேலையாக அதை ஆஃப் பண்ணுங்கள்.

செய்தது இதுதான். ஒரு லைசென்ஸ் எலக்ட்ரீசியனை வைத்து 6-இலிருந்து 10 வரை உள்ள, கிளாஸ் 10, பேஸ் போனால் சீக்கிரம் விழுகிற வகை ரிலே மாற்றினோம். ஓடும் கரண்ட் உள்ளே 7 என்பதால் டயல் 7.5. ஃபியூஸ் கட்டையைக் கழற்றிவிட்டு 25 ஆம்ப் எச்.ஆர்.சி. பைபாஸ் ஒயரை வெட்டிவிட்டுக் கரண்ட் பார்க்கிற பிரிவென்டர். உங்கள் பேனலில் ரிலே எங்கே இருக்கிறது என்று தெரிய, எலக்ட்ரீசியனிடம் சொல்லி நான் பார்த்த மாதிரி இரண்டு இடத்திலும் டாங் டெஸ்டர் வைக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே எண் என்றால் நேம்பிளேட் ஆம்பை அப்படியே வைக்கலாம். டி.ஓ.எல். ஸ்டார்ட்டரில் எப்போதும் அப்படித்தான். ரிலே ஒயரில் பாதிக்குக் கொஞ்சம் மேலே காட்டினால் 0.58-ஆல் பெருக்கி வையுங்கள்.

வீட்டுத் தொட்டிக்கு ஏற்றுகிற சிங்கிள் பேஸ் 1 எச்.பி. மோட்டாருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஓடும்போது 6, 7 ஆம்ப், கிளம்பும்போது 30, 40. பி டைப் 10 ஆம்ப் எம்.சி.பி. 30-இலிருந்து 50-க்குள் உடனடியாக விழுவது, கிளம்பும்போதே விழலாம். சி டைப் 50-க்கு மேல்தான். எனவே சி டைப் 10 ஆம்ப் பொருந்தும். அது விழுகிறதென்று 32 ஆம்ப் மாற்றிய வீடுகளை எனக்குத் தெரியும். அங்கே மோட்டாரைக் காப்பாற்ற ஒன்றுமே இல்லை, உள்ளேயே வெப்பக் காவல் வைத்த மோட்டாராக இருந்தாலொழிய.

மாற்றிய பிறகு ஒரு மாதத்தில் ரிலே மூன்று முறை விழுந்தது. மூன்றும் சாயங்காலம். அப்பா போன் பண்ணினார்: "தம்பி, இந்தப் புது ரிலே சரியில்ல போல. கொஞ்சம் கூட்டி வச்சுக்கட்டுமா?"

"வேணாம்ப்பா. வோல்ட்டேஜ் எவ்வளவு காட்டுதுன்னு பாத்துச் சொல்லுங்க."

340. பம்புக்கு வேண்டிய சக்தி அதேதான், வோல்ட்டேஜ் குறைந்தால் கரண்ட் ஏறித்தான் ஆக வேண்டும். 415-ஐ 340-ஆல் வகுத்தால் 1.22. உள்ளே 7 என்பது 8.5-ஐத் தாண்டும், டயல் 7.5. விழுந்தது சரிதான். விவசாய மோட்டாருக்கான இந்தியத் தரநிலை 15 சதவீதக் குறைவு வரை, அதாவது 353 வோல்ட் வரைதான், தாங்கச் சொல்கிறது. 340 அதற்கும் கீழே. இந்த இரண்டு வருஷமாகச் சாயங்காலமெல்லாம் மோட்டார் இப்படித்தான் வெந்துகொண்டிருந்திருக்கிறது, சொல்வதற்கு ஆள் இல்லாமல்.

இப்போது அப்பா காலையில் 5 மணிக்குப் போடுகிறார். அப்போது 400-க்கு மேல் இருக்கிறது. சாயங்காலம் 370-க்குக் கீழே இருந்தால் போடுவதில்லை. பேனல் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் தேதி, வோல்ட்டேஜ், மூன்று லைனின் ஆம்ப் எழுதி வருகிறார். போன வாரம் எழுதியது: 402, பக்கத்தில் 12.1, 12.4, 12.0.